பாக்கெட் மூடியாச்சு, பேங்க் முகவரி மாறியாச்சு: சேத்து வெச்ச புக்மார்க் எல்லாம் என்ன ஆகும்?

2025ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, ஃபயர்ஃபாக்ஸ் ப்ரவுசரை நடத்துற மொஸில்லா, கட்டுரை லிங்க்கை அப்புறமாப் படிக்க சேத்து வெக்கிற தன்னோட பாக்கெட் சேவையை ஜூலை 8ஆம் தேதியோட மூடிருச்சு, வருஷக்கணக்கா அதுல லிங்க் சேத்து வெச்சிருந்தவங்க எல்லாம் எக்ஸ்போர்ட் பட்டன் எங்க இருக்குன்னு தேட வேண்டியதாப் போச்சு. இன்னொண்ணு, அக்டோபர் 31க்குள்ள இந்தியாவுல இருக்குற பேங்க்குங்க எல்லாம் 'பேங்க்.இன்'னு முடியுற புது வெப்சைட் முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா ரெண்டுலயும் வர்ற கேள்வி ஒண்ணுதான்: நான் சேவ் பண்ணி வெச்சது இருக்கா, போச்சா?

இதுக்குப் பதில் தெரியணும்னா புக்மார்க் போட ப்ரவுசர்ல இருக்குற அந்த ஸ்டார் பட்டனை அழுத்துறப்போ என்னதான் சேவ் ஆகுதுன்னு முதல்ல பாக்கணும். அங்கதான் நிறைய பேருக்குக் குழப்பமே.

## ஸ்டாரை அழுத்துனா உள்ள என்ன நடக்குது

கம்ப்யூட்டர்ல குரோம் வெச்சிருந்தா, உங்க ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ள 'புக்மார்க்ஸ்'னு ஒரு ஃபைல் இருக்கும். நோட்பேட்லயே திறந்து பாக்கலாம், ஜேசன் வடிவத்துல வெறும் எழுத்துதான். ஒவ்வொரு புக்மார்க்குக்கும் அதுல முக்கியமா இருக்குறது மூணு விஷயம்: பக்கத்தோட முகவரி, தலைப்பு, சேத்த நேரம். அந்த நேரத்தைக் கூட மனுஷனுக்குப் புரியுற மாதிரி எழுத மாட்டாங்க, 1601 ஜனவரி 1ல இருந்து எத்தனை மைக்ரோசெகண்ட் ஆச்சுன்னு ஒரு நீள நம்பரா இருக்கும், விண்டோஸ் காலக் கணக்கு அங்கதான் ஆரம்பிக்குது. ஃபயர்ஃபாக்ஸ்ல இதே சமாச்சாரம் 'பிளேசஸ்'ங்கற பேர்ல ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸுக்குள்ள இருக்கு, 2008ல வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3ல இருந்து அப்படித்தான், ஹிஸ்டரியும் அதே ஃபைல்லதான்.

இதுல எங்கயும் அந்தப் பக்கம் கிடையாது. கட்டுரை கிடையாது, படம் கிடையாது, அதுல இருந்த அட்டவணை கிடையாது. கல்யாணப் பத்திரிகைல மண்டபத்தோட விலாசம் அச்சாகியிருக்கு, நாளைக்கு மண்டபத்தை இடிச்சு அபார்ட்மென்ட் கட்டுனா பத்திரிகை என்ன செய்யும், அவ்வளவுதான் புக்மார்க்கோட சக்தி. 'சேவ் பண்ணிட்டேன்'னு நாம சொல்றப்போ மனசுல இருக்குறது பக்கத்தையே பத்திரப்படுத்திட்டோம்ங்கற நெனப்பு, ப்ரவுசர் செஞ்சதோ ஒரு வரி எழுதி வெச்சது மட்டும்தான்.

இந்த அமைப்பு 1993ல வந்த மொசைக் ப்ரவுசர் காலத்துல இருந்து பெருசா மாறல. அதுல ஹாட்லிஸ்ட்னு இருந்துச்சு, அப்புறம் நெட்ஸ்கேப்ல புக்மார்க் ஆச்சு, மைக்ரோசாஃப்ட் மட்டும் ஃபேவரிட்ஸ்னு பேர் வெச்சு இன்னைக்கு எட்ஜ் வரைக்கும் அதையே ஓட்டிக்கிட்டு இருக்காங்க. ப்ரவுசர்ல புக்மார்க்கை எக்ஸ்போர்ட் பண்ணி வர்ற ஹெச்டிஎம்எல் ஃபைலை நோட்பேட்ல திறந்தா முதல் வரிலயே நெட்ஸ்கேப் பேர் நிக்கும், கீழயே 'இது தானா உருவான ஃபைல், எடிட் பண்ணாதே'ன்னு பெரிய எழுத்துல ஒரு மிரட்டல் வேற. செத்துப் போன கம்பெனி, ஆனா அது போட்ட ஃபார்மேட்டைத்தான் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரின்னு எல்லாமே இன்னும் படிக்குது. இந்த ஃபைல் ஏன் முக்கியம்னு கீழ வருது.

## ஒரே பட்டன், மூணு வேலை

என் கணிப்புல புக்மார்க் குப்பையாகுறதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்ல. மூணு வெவ்வேறு தேவைக்கு ஒரே ஸ்டார் பட்டனை அழுத்துறோம், அதான்.

1. திரும்பத் திரும்பப் போற இடம். பேங்க், மின்கட்டணம், பட்டா சிட்டா பாக்குற சைட், ரயில் டிக்கெட். இங்க உள்ளடக்கம் முக்கியம் இல்ல, சரியான வாசலுக்குப் போகணும், அவ்வளவுதான். புக்மார்க் இதுக்குன்னே செஞ்சது, இந்த வேலையை அது பிரமாதமா செய்யும். கூகுள்ல பேங்க் பேரைப் போட்டுத் தேடி மேல வர்ற விளம்பரத்தைக் க்ளிக் பண்றதை விட, ஒரு தடவை சரிபாத்து வெச்ச புக்மார்க்ல போறது ரொம்பவே பாதுகாப்பு, ஏன்னா போலி சைட் நடத்துறவங்க நம்பியிருக்கிறதே நாம ஒவ்வொரு தடவையும் தேடிப் போவோம்ங்கறதைத்தான்.

2. அப்புறமாப் படிக்கணும். நீளமான கட்டுரை, இப்போ நேரம் இல்ல. இது ஒரு தடவை படிச்சா முடிஞ்சு போற சமாச்சாரம், இதைப் புக்மார்க்ல போட்டா படிச்சது எது படிக்காதது எதுன்னே தெரியாது. இதுக்குத்தான் ரீடிங் லிஸ்ட்னு தனியா இருக்கு. சஃபாரில 2011லயே வந்துருச்சு, கம்ப்யூட்டர் குரோம்ல 2021ல வந்துச்சு, படிச்சதும் படிக்காததும் தனித்தனியாத் தெரியும். நம்ம ஊர்ல நிறைய பேர் இந்த வேலைக்கு வாட்ஸப்ல தனக்குத் தானே மெசேஜ் போட்டுக்கிறாங்க, இல்லன்னா டெலிகிராம் சேவ்டு மெசேஜஸ்ல தள்ளிடுறாங்க. தப்பில்ல, ஆனா அது மேல மேல ஏறிக்கிட்டே போகும், பழசைத் தேடி எடுக்குறது பெரிய பாடு. இன்னும் சிலர் டேப்பை மூடாமலே வெச்சிருப்பாங்க, ஆண்ட்ராய்டு குரோம்ல டேப் 99ஐத் தாண்டிட்டா எண்ணுறதை விட்டுட்டு ஒரு சிரிப்பு முகம் காட்டும், நக்கலா பாராட்டான்னு தெரியல.

3. இது தொலையவே கூடாது. அரசாணை, சமையல் குறிப்பு, மருந்து பத்தின விளக்கம், ஒரு பழைய பேட்டி, கோர்ட் கேஸ் சம்பந்தமான செய்தி. இதுக்கு முகவரி போதாது, பக்கமே கையில இருக்கணும். இதுல புக்மார்க்கை மட்டும் நம்புனா ஒருநாள் இல்ல ஒருநாள் ஏமாறத்தான் போறோம்.

பாக்கெட் மூடுனப்போ அதிகமா அடிபட்டது மூணாவது வகைக்கு அதைப் பயன்படுத்துனவங்கதான். பாக்கெட்டோட அசல் பேரே 'ரீட் இட் லேட்டர்', 2007ல நேட் வைனர் ஆரம்பிச்சது, 2012ல பேர் மாறுச்சு, 2017ல மொஸில்லா வாங்குச்சு. பேர்லயே ரெண்டாவது வேலைன்னு எழுதியிருக்கு, ஆனா ஜனங்க அதைப் பெட்டகமா நெனச்சுட்டாங்க. எக்ஸ்போர்ட்ல வந்தது லிங்க், தலைப்பு, டேக் (லிங்க்குக்கு நாம ஒட்டுற அடையாளச் சொல்) மாதிரி விஷயங்கள்தான், சேத்து வெச்ச கட்டுரையோட வாசகம் அதுல வரல.

## லிங்க் எப்படியெல்லாம் சாகுது

அமெரிக்காவுல இருக்குற பியூ ஆய்வு மையம் 2024 மே மாசம் ஒரு கணக்கு வெளியிட்டுச்சு: 2013ல இருந்த வெப் பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா கிடைக்கல. ஆங்கில விக்கிபீடியா பக்கங்கள்ல 54 சதவீதத்துல மேற்கோள் பகுதியில ஒரு செத்த லிங்க்காவது இருக்கு. உங்க புக்மார்க் லிஸ்ட் மட்டும் விதிவிலக்கா இருக்கப் போறதில்ல.

ஆனா 'லிங்க் வேலை செய்யல'ங்கறது ஒரே வியாதி இல்ல, நாலஞ்சு வகை இருக்கு, வைத்தியமும் வேற வேற.

1. பக்கத்தை எடுத்துட்டாங்க, இல்ல சைட்டே மூடியாச்சு. 404ன்னு வரும். 2009 அக்டோபர்ல யாஹூ ஜியோசிட்டீஸை மூடுனப்போ லட்சக்கணக்கான சொந்தப் பக்கங்கள் ஒரே அடியாப் போச்சு. இதுக்கு வழி, அந்தப் பழைய முகவரியை அப்படியே காப்பி பண்ணி, பழைய வெப் பக்கங்களோட நகலைச் சேத்து வெக்கிற வேபேக் மெஷின்ல போட்டுப் பாக்குறது. அதனால செத்த லிங்க்னு புக்மார்க்கை உடனே டெலீட் பண்ணிடாதீங்க, அந்த முகவரி இல்லன்னா அங்க தேடிக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

2. நீங்க சேத்தது தற்காலிக முகவரி. லாகின் பண்ணி உள்ள போய், நாலு பக்கம் தாண்டி, விண்ணப்ப நிலை காட்டுற பக்கத்துல ஸ்டார் போட்டிருப்பீங்க. அடுத்த நாள் திறந்தா 'செஷன் எக்ஸ்பயர்டு'. அரசு சைட்டுங்கள்ல இது சர்வ சாதாரணம். உள்பக்கத்தை விட்டுட்டு வாசல் பக்கத்தைச் சேருங்க.

3. முகவரிக்குப் பின்னால வால் ஒட்டியிருக்கு. ஃபேஸ்புக்ல இருந்தோ நியூஸ்லெட்டர்ல இருந்தோ வந்த லிங்க்ல கேள்விக்குறிக்கு அப்புறம் ஒரு முழ நீளத்துக்கு எழுத்தும் எண்ணும் வரும், எங்க இருந்து வந்தீங்கன்னு கண்காணிக்கத்தான் அது. வெட்டிட்டு சேத்தா பெரும்பாலும் பக்கம் திறக்கும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு வெட்டக் கூடாது, யூடியூப்ல எந்த வீடியோன்னு சொல்றதே அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால இருக்குற பகுதிதான். வெட்டி என்டர் தட்டிப் பாத்துட்டு அப்புறம் ஸ்டார் போடுங்க.

4. பக்கம் திறக்குது, படிக்கத்தான் முடியல. இது நம்ம மொழிக்காரங்களுக்கு நல்லாப் பழக்கமான வியாதி. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி டிஸ்கி, டேப், டாம்னு ஆளுக்கொரு எழுத்துரு முறை, பத்திரிகைக்கொரு ஃபான்ட். அந்தக் காலத்துப் பக்கம் எங்கயாவது உயிரோட இருந்தாலும் இன்னைக்கு ப்ரவுசர்ல ஆங்கில எழுத்தும் கோணல் குறியுமா கொட்டும். பக்கம் கெட்டுப் போகல, எழுத்துரு மாற்றி ஒண்ணுல அந்த வாசகத்தைப் போட்டா தமிழ் திரும்ப வரும்.

இதோட ஒட்டுன இன்னொரு விஷயம், தமிழ் எழுத்துலயே முகவரி இருக்குற பக்கங்கள், உதாரணமா தமிழ் விக்கிபீடியா. ப்ரவுசர்ல அழகா தமிழ்லதான் தெரியும், காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டுனா சதவீதக் குறியா நீளும். காரணம் என்னன்னா யூனிகோட் முறைல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோட சேத்து மூணு எழுத்தா எழுதுவாங்க, ஆக ஒரு குறிக்கு ஒன்பது. 'தமிழ்'ங்கற சொல்லுல த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு அஞ்சு குறி, மொத்தம் 45 எழுத்து. முகவரி கெட்டுப் போச்சுன்னு நெனச்சு நடுவுல வெட்டிடாதீங்க, ஒரு குறி குறைஞ்சாலும் வேற பக்கம்தான் அது.

5. முகவரி மாறிருச்சு, பழசு புதுசுக்குத் திருப்பி விடுது. பேங்க் விஷயம் இதுதான், கொஞ்சம் விவரமாவே பாப்போம்.

## பேங்க்.இன்: பழைய புக்மார்க்கை என்ன பண்றது

ரிசர்வ் பேங்க் 2025 பிப்ரவரில இதை அறிவிச்சுச்சு. ஹைதராபாத்ல இருக்குற ஐடிஆர்பிடிங்கற பேங்கிங் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்தான் இந்தப் பேரைப் பதிவு பண்ணித் தரும், பேங்க்குக்கு மட்டும்தான் தரும். டாட்.காம் முகவரியை யார் வேணா வாங்கி பேங்க் பேர் மாதிரியே வெச்சுக்கலாம், இதை அப்படி வாங்க முடியாது, அதான் இதோட பலன்.

உங்க பழைய புக்மார்க்கைத் திறந்தா பழைய முகவரி புது முகவரிக்குத் தள்ளி விடும், அதனால எதுவுமே மாறலன்னு தோணும். ஆனா ப்ரவுசர் உங்க புக்மார்க்கைத் தானா திருத்தாது, உள்ள பழைய முகவரியேதான் எழுதியிருக்கும், பேங்க் அந்தத் திருப்பி விடுறதை நிறுத்துற அன்னைக்கு அது செத்துப் போகும். செய்ய வேண்டியது சின்ன வேலைதான்: பழைய புக்மார்க்ல போங்க, எங்க போய் நிக்குதுன்னு அட்ரஸ் பார்ல பாருங்க, அந்தப் புது முகவரியைப் புக்மார்க் பண்ணிட்டுப் பழசை அழிச்சிடுங்க.

பாக்குறப்போ எதைப் பாக்கணும்னும் தெரிஞ்சுக்கணும். முதல் ஒத்தை ஸ்லாஷ் வர்ற இடத்துக்கு முன்னாடி முகவரி எதுல முடியுதோ அதுதான் கணக்கு. 'பேங்க்.இன்'ங்கறது நடுவுல வந்து அதுக்கப்புறம் இன்னொரு புள்ளி, இன்னொரு பேர்னு போனா அது பேங்க்கே இல்ல. 'உங்க பேங்க் முகவரி மாறிருச்சு, இங்க க்ளிக் பண்ணுங்க'ன்னு எஸ்எம்எஸ்ல வர்ற லிங்க் வழியா போய் புது புக்மார்க் போடுறது இருக்குற பாதுகாப்பையும் கெடுத்துக்குற வேலை.

## சேவையும் சாகும்

பாக்கெட் முதல் ஆள் இல்ல. இந்தத் துறைல இது பழகிப் போன கதை.

டெலிஷியஸ்னு ஒண்ணு இருந்துச்சு, 2003ல ஜோஷுவா ஷாக்டர் ஆரம்பிச்சது. லிங்க்குக்கு டேக் போடுற பழக்கத்தை வெப்ல பரப்புனதே அதுதான்னு சொல்லலாம். 2005 டிசம்பர்ல யாஹூ வாங்குச்சு, வாங்கி சும்மா போட்டு வெச்சுச்சு, 2010 டிசம்பர்ல அதை மூடப் போறதாக் காட்டுற உள் கூட்டத்து ஸ்லைடு ஒண்ணு வெளிய கசிஞ்சதும் ஜனங்க அலறி அடிச்சுட்டு வெளியேறுனாங்க. யூடியூபை ஆரம்பிச்ச சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் 2011ல அதை வாங்குனாங்க, அப்புறமும் கை மாறி மாறி, கடைசியா 2017ல அதோட போட்டியாளரா இருந்த பின்போர்டு, ஒத்தை ஆளா நடத்துற சின்ன சேவை, 35,000 டாலருக்கு வாங்கிருச்சு. கூகுள் புக்மார்க்ஸ் 2005ல வந்துச்சு, 2021 செப்டம்பர் 30ல மூடியாச்சு. எல்லா ப்ரவுசருக்கும் நடுவுல புக்மார்க் சிங்க் பண்ணித் தந்த எக்ஸ்மார்க்ஸ் 2018 மே 1ல. அப்புறமாப் படிக்கச் சேத்து வெக்கிற ஆம்னிவோர் 2024 நவம்பர்ல, அதுவும் கொஞ்ச நாள் அவகாசம் மட்டும் கொடுத்து.

பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி, இலவசம், காசு, ஓப்பன் சோர்ஸ், எதுவும் உத்தரவாதம் இல்லங்கறதுதான் இந்த லிஸ்ட்ல இருந்து தெரியுறது. அதுக்காக சேவையே வேண்டாம்னு இல்ல. ரெய்ன்ட்ராப், இன்ஸ்டாபேப்பர், சொந்த சர்வர் வெச்சிருக்கவங்களுக்கு வாலபேக்னு நல்ல நல்லதா இருக்கு. சேர்றதுக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் பட்டன் எங்க இருக்கு, அழுத்துனா என்ன ஃபைல் வருதுன்னு ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. நெட்ஸ்கேப் காலத்து அந்த ஹெச்டிஎம்எல் ஃபைலா வந்தா எந்த ப்ரவுசருக்கும் கொண்டு போகலாம். அட்டவணை மாதிரி இருக்குற சிஎஸ்வி ஃபைலா மட்டும் வந்தா ப்ரவுசர் நேரா வாங்கிக்காது, நடுவுல மாத்த வேண்டியிருக்கும்.

## சிங்க் வேற, பேக்கப் வேற

இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். சிங்க்ங்கறது எல்லா டிவைஸ்லயும் ஒரே மாதிரி வெச்சிருக்குறது. போன்ல தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா கம்ப்யூட்டர்லயும் அழியும், அதுதான் அதோட வேலை, அது ஒழுங்கா வேலை செஞ்சதாலதான் உங்க ஃபோல்டர் போச்சு. பேக்கப்னா இன்னைக்கு இருந்த நிலைமையைத் தனியா எடுத்து வெக்கிறது, நாளைக்கு நீங்க என்ன பண்ணாலும் அது மாறாது.

ஃபயர்ஃபாக்ஸ் தானாவே கடைசி 15 பேக்கப்பை வெச்சிருக்கும், புக்மார்க் நிர்வாகப் பக்கத்துல ரீஸ்டோர்னு போனா தேதியோட வரிசையா காட்டும். இந்த விஷயத்துல ஃபயர்ஃபாக்ஸை மிஞ்ச ஆள் இல்ல. குரோம்ல பழைய நிலைமை ஒண்ணே ஒண்ணு மட்டும் '.பேக்'னு முடியுற ஃபைல்ல இருக்கும், அதுவும் சீக்கிரமே புதுசால மேலெழுதப்படும், அதனால நாமளேதான் அப்பப்போ எக்ஸ்போர்ட் எடுத்து வெச்சுக்கணும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூணையும் சேத்து அழுத்துனா புக்மார்க் மேனேஜர் வரும், மூலைல இருக்குற மூணு புள்ளிக்குள்ள எக்ஸ்போர்ட் இருக்கு. திரும்ப இம்போர்ட் பண்றப்போ அது பழசோட கலக்காது, தனி ஃபோல்டரா வந்து உக்காரும், ரெண்டு தடவை பண்ணா எல்லாமே டபுளாகும்.

போன் மட்டுமே வெச்சிருக்கவங்களுக்கு ஒரு சிக்கல், ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்போர்ட் பட்டனே கிடையாது. கூகுள் அக்கவுன்ட்ல சிங்க் ஆகியிருந்தா கூகுள் டேக்அவுட்ல போய் குரோமை மட்டும் டிக் பண்ணி அந்த ஹெச்டிஎம்எல் ஃபைலை வாங்கிக்கலாம். இப்போ வர்ற குரோம்ல 'அக்கவுன்ட்ல இருக்குறது', 'இந்த டிவைஸ்ல மட்டும் இருக்குறது'ன்னு ரெண்டு பிரிவா காட்டுது, ரெண்டாவது பிரிவுல இருக்குறது போன் உடைஞ்சா அதோட போச்சு.

## ஃபோல்டர் கட்டுறதை விட பேர் வெக்கிறது முக்கியம்

ஒழுங்குபடுத்துறதுன்னாலே எல்லாரும் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், அதுக்குள்ள இன்னொண்ணுன்னு கட்ட ஆரம்பிச்சிடுறாங்க. பிரச்சினை எங்கன்னா, வெண்டைக்காய்ல சக்கரை நோய்க்கு நல்ல சமையல் குறிப்பு ஒண்ணு, இது சமையல் ஃபோல்டரா, உடம்பு ஃபோல்டரா? சேக்குறப்போ ஒண்ணு தோணும், தேடுறப்போ இன்னொண்ணு தோணும். டேக் போட்டா ரெண்டுலயும் கிடைக்கும், ஃபயர்ஃபாக்ஸ்ல அந்த வசதி உண்டு. குரோம்ல கிடையாது, ஃபயர்ஃபாக்ஸ்ல இருந்து குரோமுக்கு மாறுனா போட்ட டேக் எல்லாம் போயிரும்.

ஆனா நிஜத்துல நாம ஃபோல்டரைத் திறந்து தேடுறதை விட அட்ரஸ் பார்ல அடிச்சுத் தேடுறதுதான் அதிகம். ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு நட்சத்திரக் குறி, ஒரு இடைவெளி, அப்புறம் சொல்லு, புக்மார்க்ல மட்டும் தேடும். குரோம்ல '@' போட்டா வர்ற லிஸ்ட்ல புக்மார்க்ஸைத் தேர்ந்தெடுத்துட்டுத் தேடலாம். இந்தத் தேடல் பாக்குறது தலைப்பையும் முகவரியையும், ஃபயர்ஃபாக்ஸ்னா டேக்கையும் மட்டும்தான், பக்கத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது, ஏன்னா பக்கம்தான் சேவ் ஆகவே இல்லையே. அரசு சைட்டுல பாதிக்குத் தலைப்பு 'முகப்பு', மீதிக்கு 'வெல்கம்'. அதை அப்படியே சேத்தா எந்த ஜென்மத்துல கிடைக்கும்?

அதனால ஸ்டார் போடுறப்போ வர்ற சின்னப் பெட்டில தலைப்பை மாத்துங்க, நீங்க பின்னாடி எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவீங்களோ அந்தச் சொல்லைப் போடுங்க. தமிழ்லயும் போடுங்க, அதே சொல்லை ஆங்கில எழுத்துலயும் பக்கத்துலயே அடிங்க, பட்டாவைத் தேடுறப்போ கீபோர்டு எந்த மொழில இருக்கும்னு யாருக்குத் தெரியும், ப்ரவுசருக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாது. அடிக்கடி போற ஏழெட்டு சைட்டை மட்டும் புக்மார்க் பார்ல வெச்சு, பேரையே அழிச்சிட்டா ஐகான் மட்டும் நிக்கும், இடமும் மிச்சம்.

## பக்கத்தையே வெச்சுக்கணும்னா

மூணாவது வகைக்கு இதுதான் வழி. மூணு முறை இருக்கு.

1. பிரிண்ட் கொடுத்து பிடிஎஃபா சேவ் பண்றது. எல்லா இடத்துலயும் வேலை செய்யும், போன்லயும் முடியும். விளம்பரம் நடுவுல வந்து பக்கம் கோணலாப் போனா வாசகத்தை மட்டும் காட்டுற ரீடர் மோட்ல போட்டுட்டு எடுங்க.

2. சிங்கிள்ஃபைல்னு ஒரு எக்ஸ்டென்ஷன். படம், டிசைன் எல்லாத்தையும் சேத்து ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக்கிரும், பின்னாடி நெட் இல்லாமலே திறக்கலாம், உள்ள இருக்குற வாசகத்தைத் தேடவும் செய்யலாம். மூணுல எனக்குப் பிடிச்சது இதுதான்.

3. வேபேக் மெஷின்ல 'சேவ் பேஜ் நவ்'. உங்களுக்கு மட்டும் இல்லாம ஊருக்கே ஒரு நகல் கிடைக்கும், எந்தத் தேதில அந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு இன்னொருத்தருக்குக் காட்ட வேண்டியிருந்தா இதுதான் எடுபடும். லாகின் பண்ணிப் பாக்குற பக்கத்துக்கு ஆகாது, சில சைட்டு அனுமதிக்காது. 1996ல ப்ரூஸ்டர் கேல் ஆரம்பிச்ச இன்டர்நெட் ஆர்க்கைவ் தான் இதை நடத்துது, அதுவே 2024 அக்டோபர்ல சைபர் தாக்குதல்ல சில நாள் முடங்கிக் கிடந்துச்சு, அதனால ரொம்ப முக்கியமானதுக்கு ரெண்டாவது முறைலயும் ஒரு நகல் எடுத்துக்கங்க.

இன்னொரு விஷயம், இன்காக்னிட்டோல இருக்கோம்னு நம்பி ஸ்டார் போடுறவங்க இருக்காங்க. இன்காக்னிட்டோ ஹிஸ்டரியைத்தான் மறக்கும், அதுல போட்ட புக்மார்க் சாதாரண லிஸ்ட்லயே போய் உக்காரும், சிங்க் இருந்தா வீட்டுல இருக்குற டேப்லெட் வரைக்கும் போகும்.